வழக்குரைத்த பேனா: கலைஞரின் அரசியல் நாடகக் காட்சிகள் குறித்து மதுரையிலிருந்து ஒரு மதிப்பீடு

மதுரை பழங்காநத்தம் பக்கத்தில் 'கோவலன் பொட்டல்' என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியிருக்கிறது. கோவலன் வெட்டுப்பட்ட இடம் அதுதான் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வரலாற்றுச் சான்று கேட்டால் எவராலும் காட்ட முடியாது. ஆனாலும் விசாரணை இல்லாமல் ஒருவனைக் கொன்ற இடத்துக்கு ஒரு நகரம் பெயர் வைத்து, அந்தப் பெயரை மறக்காமல் காத்து வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கொலைக்கு நீதி கேட்டு ஒரு பெண் அரசவைக்குள் நுழைந்ததைச் சொல்வதுதான் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. தமிழில் அரசியல் நாடகம் என்று எதைத் தேடினாலும், அதன் வேர் இந்த ஒரு காட்சியில் வந்து நிற்கும்.

மேடை, திரை, சின்னத்திரை ஆகிய மூன்றிலும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அரசியல் நாடகம் எழுதியவர் தமிழில் ஒருவர்தான்: கலைஞர் மு. கருணாநிதி. 1947இல் 'ராஜகுமாரி' படத்தில் தொடங்கிய அந்தப் பேனா, 2015இல் கலைஞர் தொலைக்காட்சியின் 'ராமானுஜர்' தொடர் வரை ஓயவில்லை. இத்தனை எழுத்தில் எந்தக் காட்சிகள் மிகச் சிறந்தவை? எதனால் அவை நிற்கின்றன? கட்சிக்காரர்கள் எல்லாமே சிறந்தவை என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லாமே பிரச்சாரம் என்பார்கள். இரண்டு பதிலும் நாடகத்தைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். காட்சிகளை வரிசையாக எடுத்துவைத்து, நாடகமாக மட்டும் எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

தர்க்கம் என்னும் நாற்றங்கால்

கலைஞருக்கு முன்பே மதுரை வட்டாரத்தில் மேடையும் அரசியலும் கலந்துவிட்டன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவர் எழுதிய 'கோவலன்' நாடகம் ஊர் ஊராக நடந்தது. அதில் மதுரையைப் பாவிகளின் ஊர் என்று பழிக்கும் ஒரு பாடலடி மதுரை மேடையிலேயே பாடப்பட்டபோது கூட்டம் கொதித்ததாகவும், சுவாமிகள் அதே சொற்களைப் பிரித்துப் புகழ்ச்சியாகப் பொருள் சொல்லி அமைதிப்படுத்தியதாகவும் நாடக உலகில் ஒரு செய்தி உண்டு. மேடைச் சொல்லை ஊர்மக்கள் தங்கள்மேல் சுமத்திய குற்றச்சாட்டாகவே கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அடுத்து வந்தவர்கள் குற்றச்சாட்டை வெள்ளையர் பக்கம் திருப்பினார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் தேசியப் பாடல்கள் எழுதினார். திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் அவற்றை முருகன் வேடத்தில் பாடினார். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இருந்த காலம் அது. புராண வேடத்தில் நின்று அரசியல் பேசுவதே அவர்கள் கண்ட வழி.

இன்றும் மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்ப்பவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பது தர்க்கத்துக்காகத்தான். வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் எதிரெதிரே நின்று வாதாடுவார்கள். யார் மடக்குகிறார், யார் மடங்குகிறார் என்று கூட்டம் கணக்கு வைத்துக்கொள்ளும். கதை எல்லோருக்கும் தெரியும். எனவே சுவை முழுவதும் வாதத்தில்தான். கலைஞர் வசனத்துக்கு உயிர் கொடுத்ததும் இந்தத் தர்க்கச் சுவையே. அடுக்குமொழியும் எதுகை மோனையும் அதன் உடை. உடையைப் பார்த்து மயங்கியவர்கள் பலர், உடையை மட்டும் எடுத்துக்கொண்டு தோற்ற வசனகர்த்தாக்களும் பலர்.

1952: தங்கம் தியேட்டரில் ஒரு தீபாவளி

1952 அக்டோபர் 17, தீபாவளி. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு, ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட மதுரை தங்கம் தியேட்டர், 'பராசக்தி' படத்தோடு அன்று திறந்தது. படத்தின் கதையிலும் மதுரை இருந்தது. ரங்கூனில் வாழும் மூன்று அண்ணன்மார், மதுரையில் அவர்களுடைய தங்கை கல்யாணி. போர் அந்தக் குடும்பத்தைச் சிதறடிக்கிறது. கணவன் விபத்தில் சாகிறான், தகப்பனும் போய்விடுகிறார். கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைத்துப் பிழைக்கப் பார்க்கிறாள் கல்யாணி. வம்புக்காரன் விடவில்லை, கள்ளச்சந்தைப் பணக்காரன் விடவில்லை, கடைசியில் கோயில் பூசாரியும் விடவில்லை. குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிந்தவள் குற்றவாளிக் கூண்டில் வந்து நிற்கிறாள். பூசாரியைத் தாக்கிய அண்ணன் குணசேகரனும் கூண்டில் ஏறுகிறான்.

பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய படம் இது. இயக்கியவர்கள் கிருஷ்ணன் பஞ்சு. சிவாஜி கணேசனுக்கு முதல் படம். நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்த எத்தனையோ பேர் பிற்காலத்தில் இந்த நீதிமன்ற வசனத்தைப் பேசிக் காட்டித்தான் உள்ளே நுழைந்தார்கள். வசனப் புத்தகம் கொட்டகை வாசலில் விற்றது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரலும் பலமாக எழுந்தது. அந்த எதிர்ப்பையும் படத்தின் அரசியலையும் எம்.எஸ்.எஸ். பாண்டியன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

எல்லோர் நினைவிலும் நிற்பது குணசேகரனின் பேச்சு. ஆனால் பேச்சு மட்டும் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்தவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நீதிபதி யார் என்று பாருங்கள். எஸ்.வி. சகஸ்ரநாமம் நடித்த சந்திரசேகரன், கல்யாணியின் மூத்த அண்ணன். தங்கையைத் தேடி அலைந்தவன், அவளைத் தங்கையென்று அறியாமல் விசாரிக்கிறான். அவளை இந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று கூண்டிலிருந்து வரும் கேள்வி பூசாரிக்கும் பணக்காரனுக்கும் போய்ச் சேர்ந்ததோடு நிற்காமல் நீதிபதியின் நெஞ்சிலும் தைக்கிறது. உண்மை தெரிந்ததும் அவர் மயங்கிச் சாய்கிறார். சமூகத்தின் மேல் வைத்த வழக்கு ஒரு குடும்பத்தின் மேல் விழுகிறது. பார்க்கும் நாமும் அந்தக் குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறோம்.

1949இல் பிறந்த தி.மு.கழகம் 1952 பொதுத் தேர்தலில் போட்டியிடவில்லை. சட்டமன்றத்தில் இடமில்லாத ஓர் இயக்கத்துக்கு நீதிமன்றக் காட்சியே மன்றமாயிற்று. ஒலிப்பெட்டி வழியாக அந்த மன்றம் தமிழ்நாட்டின் கடைசிக் கிராமம் வரை கூடியது.

சங்கிலியும் நஞ்சுக் கோப்பையும்

'பராசக்தி'க்குப் பின் அதே அமைப்பைக் கலைஞர் வேறு வேறு காலங்களில் நட்டுப் பார்த்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் புகழ்பெற்ற நாடகம் 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் 'மனோகரா' ஆனது. சங்கிலியால் பிணைத்த இளவரசனைத் தந்தையின் அவைக்கு இழுத்து வருகிறார்கள். பேச்சின் வேகத்துக்கு அந்தக் காட்சி இன்றும் இணையற்றது. ஆனால் எதிரே இருக்கும் மன்னனுக்குச் சொந்தப் புத்தி இல்லை, ஆசைநாயகி வசந்தசேனையின் மயக்கத்தில் கிடக்கிறான். குற்றம் முழுவதும் அவள் தலையில் ஏறிவிடுவதால் மன்னனின் மனச்சாட்சிக்கு வேலை இல்லாமல் போகிறது. அதனால் அந்தக் காட்சியில் பெருமை பேசுபவனுக்கு மட்டும்தான். பின்னால் தாயாக நடித்த கண்ணாம்பா ஆணையிட, மகன் சங்கிலியை அறுத்தெறியும் இடத்தில்தான் நாடகம் முழுமை பெறுகிறது. அதுவரை அவனைக் கட்டியிருந்தது இரும்பு அன்று, தாய் வாங்கிய சொல் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

1956இல் வந்த 'ராஜா ராணி'யை ஏ. பீம்சிங் இயக்கினார். அதற்குள் சாக்ரடீசைப் பற்றிய ஒரு குறுநாடகம் இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்துக் கிழவர் இளைஞர்களைக் கெடுத்தார் என்ற பழியைச் சுமந்து நஞ்சு அருந்தப் போகிறார். பகுத்தறிவு பேசியதற்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஓர் இயக்கத்துக்காரர் இந்தக் கதையை எடுத்ததில் வியப்பில்லை. இங்கே வசனத்தின் சுருதி தணிந்திருக்கிறது. கொதிப்புக் குறைந்து தெளிவு ஏறியிருக்கிறது. கிரேக்கத்துப் பெயர் தெரியாத கிராமத்துக்காரரும் சாக்ரடீசைத் தங்கள் ஊர்ப் பெரியவராக நினைத்துப் பேசியதற்கு இந்தச் சில நிமிடங்களே காரணம். ஒரு குறை: தீர்ப்புச் சொன்னவர்கள் பெயரும் முகமும் மனத்தில் தங்குவதில்லை. சாக்ரடீஸ் தனியாக உயர்ந்து நிற்கிறார். அவரோடு மோதிச் சிதறும் நெஞ்சு எதிரே ஒன்றுகூட இல்லை.

1964: மூலக்காட்சிக்குத் திரும்பியது

வழக்குரை காதையின் நிழலிலேயே எழுதிவந்தவர் 1964இல் அந்தக் காதைக்கே வந்து சேர்ந்தார். ப. நீலகண்டன் இயக்கிய 'பூம்புகார்' அவருடைய மேகலா பிக்சர்ஸ் தயாரிப்பு. கண்ணகியாக சி.ஆர். விஜயகுமாரி. கோவலனாக வந்த எஸ்.எஸ். ராஜேந்திரன் மதுரை மாவட்டத்துச் சேடப்பட்டியில் பிறந்தவர், 'பராசக்தி'யில் நடு அண்ணனாக நடித்தவர். கவுந்தியடிகளாக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அந்நாளைய நாடக மேடையின் குரல் அவரோடு இந்தப் படத்துக்குள் வந்தது.

அவையில் கண்ணகி வைக்கும் வாதம் நீளமானது இல்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்ற ஒற்றைச் சான்று. சிலம்பு உடைகிறது, பரல் தெறிக்கிறது. அத்தோடு வழக்கு முடிந்தது. அதன்பின் நடப்பது உலக இலக்கியத்திலேயே அரிது. தோற்றுப்போன அரசன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்கூடத் தேடாமல், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். வாதியின் சொல் எவ்வளவு கூர்மையானது என்பது நீதிபதி விழுந்த இடத்தில் தெரிகிறது. இளங்கோவடிகள் போட்ட இந்த இலக்கணத்தைக் கலைஞர் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துக்கொண்டார்.

'பராசக்தி'யில் நாம் மனப்பாடம் செய்தது அண்ணனின் சொற்களை. தங்கையின் துயரம் பெரும்பாலும் அண்ணன் வாய்வழியாகத்தான் நமக்கு வந்தது. 'பூம்புகார்' அந்தக் குறையைத் தீர்த்தது. பாதிக்கப்பட்டவளே தன் வழக்கைத் தானே பேசுகிறாள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலையாக நின்றாள். 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டது. 2006 ஜூனில், முதலமைச்சரான கலைஞர் அதை மீண்டும் நிறுவினார். தமிழர்கள் கண்ணகியை ஏட்டில் வைத்துப் பூட்டவில்லை, அரசியலின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அந்த ஐந்தாண்டு வழக்கே காட்டியது.

கூண்டும் நாற்காலியும்

மேலே சொன்ன படங்களின் ஆண்டுகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். 1952, 1954, 1956, 1964: எல்லாம் கலைஞர் ஆட்சியில் இல்லாத ஆண்டுகள். 1969 பிப்ரவரியில் அவர் முதலமைச்சரானார். 1976இல் ஆட்சி கலைக்கப்பட்ட பின் 1989 வரை எதிர்வரிசை. அந்த இடைவெளியில்தான் 'பாலைவன ரோஜாக்கள்', 1987இல் 'நீதிக்குத் தண்டனை' ஆகியவை வந்தன. பத்திரிகையும் நீதிமன்றமும் அதிகாரத்தோடு மோதும் கதைகள் அவை. பழைய அடுக்குமொழி குறைந்து, எண்பதுகளின் பேச்சு நடைக்கு அவர் தன்னை மாற்றிக்கொண்டதை அவற்றில் காணலாம். ஆயினும் அவற்றின் அதிகாரிகளும் அமைச்சர்களும் பெரும்பாலும் முழுக் கெட்டவர்கள். கெட்டவனை அம்பலப்படுத்துவது எளிது. நல்லவன் என்று தன்னை நம்பிக்கொண்டிருப்பவனைத் தன் குற்றத்தைக் காண வைப்பதுதான் கடினம். 'பராசக்தி' செய்தது அதை.

2006 முதல் 2011 வரை ஐந்தாம் முறை முதல்வராக இருந்தபோதும் அவர் எழுதினார்: 'உளியின் ஓசை' (2008), 'பெண் சிங்கம்' (2010), 'இளைஞன்' (2011), 'பொன்னர் சங்கர்' (2011). முதுமையிலும் எழுதிய உழைப்புக்குத் தலைவணங்கலாம். ஆனால் இவற்றில் ஒரு காட்சியைக்கூட நம் மதுரைத் தெருக்களில் யாரும் பேசிக் காட்டி நான் கேட்டதில்லை. காரணம் வயது என்று நான் நினைக்கவில்லை. நாற்காலியில் இருந்து எழுதும்போது கேள்வி யாரைப் பார்த்துப் போகும்? கூண்டில் நின்று எழுதியபோது அந்தப் பேனாவுக்கு எதிரே ஓர் அவை இருந்தது. நாற்காலிக்கு வந்தபின் அந்த அவை அவரே.

சின்னத்திரையில் தென்பாண்டி

ஆட்சி போனதும் பேனா மறுபடி கூர்மை பெற்றது. இந்த முறை களம் தொலைக்காட்சி. மதுரையைச் சுற்றிய நிலம் அவருடைய தொடர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பாண்டிய நாட்டுக்கும் ரோமாபுரிக்கும் இருந்த உறவை வைத்து எழுதிய 'ரோமாபுரிப் பாண்டியன்' 2014இல் தொடரானது. அதற்கு முன்பே தொடராக வந்த 'தென்பாண்டிச் சிங்கம்', சிவகங்கைச் சீமையின் பாகனேரி மண்ணில் வாளுக்கு வேலி அம்பலத்தை நாயகனாக்கியது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24இல் ஆங்கிலேயர் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட காலத்துக் கதை அது. விசாரணை என்ற பெயருக்குக்கூட மதிப்பில்லாத அந்தத் தண்டனைகளின் நினைவு எங்கள் கிழக்குச் சீமையில் இன்னும் ஆறவில்லை.

2015 ஜூனில், 92ஆம் பிறந்தநாளையொட்டி, 'ராமானுஜர்' தொடங்கியது. நாத்திகர் வைணவ ஆசாரியரைப் பற்றி எழுதலாமா என்று இருபக்கமும் கேட்டார்கள். ராமானுஜர் வரலாற்றில் உள்ள ஒரு நிகழ்ச்சி அதற்கு விடை சொல்லும். மதுரைக்கு வடகிழக்கே திருக்கோட்டியூர். திருமந்திரப் பொருளைக் கேட்கத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்தார் ராமானுஜர். வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதியின்பேரில் அவருடைய குரு திருக்கோட்டியூர் நம்பி உபதேசித்தார். ராமானுஜரோ கோபுரத்தில் ஏறி, எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். குரு அழைத்து விசாரிக்கிறார். வாக்கை மீறியவன் நரகம் போவான் என்று தெரியாதா? தெரியும், நான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் உய்வடைவதென்றால் போகிறேன் என்கிறார் சீடர். குரு நெகிழ்ந்து அவரைத் தழுவிக்கொள்கிறார்.

மறுபடியும் குற்றவாளி, மறுபடியும் நீதிபதி. இங்கே நீதிபதி மயங்கி விழவில்லை, சாகவில்லை, மாறுகிறார். 1952இல் தொடங்கிய தேடல் 2015இல் வந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான கோபுரம் கிடையாது. தொடர் என்ற முறையில் 'ராமானுஜர்' பல இடங்களில் மெதுவாக நகர்ந்தது உண்மை. தினமும் நீட்ட வேண்டிய சின்னத்திரைக் கட்டாயம் அவரையும் விடவில்லை. ஆனால் கதைத் தேர்வில் தெரிகிற நாடக அறிவு முதல் தரமானது.

பிறரோடு ஒப்பிட்டால்

சோ 1968இல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' ஆள்பவர், ஆளப்படுபவர் இருவரையும் சிரிப்பால் அடித்தது. அங்கே யாருக்கும் மனச்சாட்சி உறுத்துவதில்லை. உறுத்தாததுதான் அந்த நாடகத்தின் குற்றச்சாட்டு. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (பாலசந்தர் இயக்கத்தில் 1981இல் படமானது) இன்னும் ஒருபடி போனது. அத்திப்பட்டி மக்கள் மனுக் கொடுக்கிறார்கள், தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள், தாங்களே வாய்க்கால் வெட்டுகிறார்கள். போய் நின்று வழக்குரைக்க அவர்களுக்கு ஓர் அவையே இல்லை. கலைஞரின் நாடக உலகில் எப்போதும் ஓர் அவை உண்டு, கேட்க ஒரு காது உண்டு. அது அவருடைய நம்பிக்கை, அதுவே அவர் எல்லையும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரன் சார்க்கின் எழுதிய 'தி வெஸ்ட் விங்' தொடரைப் பேச்சு நாடகத்துக்கு உச்சமாகச் சொல்வார்கள். 2001இல் வந்த அதன் புகழ்பெற்ற பகுதி ஒன்றில் அதிபர், தன் செயலரின் இறுதிச் சடங்குக்குப் பின் வெற்றுப் பேராலயத்தில் நின்று கடவுளையே கூண்டில் ஏற்றுகிறார். பதில் வரவில்லை. நாட்டின் மிகப் பெரிய நாற்காலியில் இருப்பவரையும் அந்த எழுத்தாளர் ஒரு நிமிடம் வழக்காளியாக்கிவிட்டார். நாற்காலிக் காலத்தில் கலைஞருக்குக் கைகூடாமல் போனது இந்த வித்தைதான்.

தீர்ப்பு

கூண்டில் நிற்பவரின் சொல் நீதிபதியின் நெஞ்சை எவ்வளவு தூரம் அசைக்கிறது என்பதே என் அளவுகோல். அதன்படி முதலிடம் 'பூம்புகார்' அவைக் காட்சிக்கு. வழக்கைப் பாதிக்கப்பட்டவளே பேசுகிறாள், நீதிபதி முழுதாக ஏற்கிறான். இரண்டாவது 'பராசக்தி' நீதிமன்றம். சமூகத்தில் உண்டாக்கிய அதிர்வுக்கு அதுவே முதல், நாடகக் கட்டமைப்பில் ஒரு நூலிழை பின்னே. மூன்றாவது 'ராமானுஜர்' கதையின் திருக்கோட்டியூர்க் கட்டம். நான்காவது சாக்ரடீஸ். ஐந்தாவது 'மனோகரா'. பேச்சின் அழகை மட்டும் அளந்தால் இந்த வரிசை தலைகீழாகலாம். பேச்சு யாரை மாற்றியது என்று கேட்டால் மாறாது.

இன்றைய தொடர் எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வில்லனை இன்னும் கொடியவனாக்குவதால் அரசியல் நாடகம் வலுப்பெறாது. எதிரே இருப்பவருக்கு ஒரு மனச்சாட்சியைக் கொடுங்கள். அப்போதுதான் கூண்டிலிருந்து வரும் சொல்லுக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கும்.

தங்கம் தியேட்டர் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது. வசனப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பழைய புத்தகக் கடைகளிலும் பரண்களிலும் செல்லரிக்கின்றன. கலைஞரின் நூல்களை அரசு 2024இல் நாட்டுடைமையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூலை 15இல், மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. திரைப்பட வசனப் புத்தகம், ஒலித்தட்டு, தொலைக்காட்சித் தொடரின் பகுதிகள் எல்லாவற்றையும் திரட்டி, எந்த மாணவரும் உட்கார்ந்து பார்க்கும்படி அங்கே ஒரு தனிப் பிரிவு அமைய வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள், பாஸ்கரதாஸ், கோமல், சோ என அரசியல் நாடகம் எழுதிய எல்லோரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கதைவசனப் புத்தகம் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை அந்த நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.